பாலசோரிலிருந்து புதுச்சேரி வரை: பிள்ளைகளுக்குக் கதை சொன்ன மனோஜ் தாஸ்

குழந்தை இலக்கியத்துக்கென்றே ஓர் அறக்கட்டளையை நிறுவி, ஆண்டுதோறும் அம்பத்தூரில் ஒரு சொற்பொழிவு நடக்க வழி செய்திருக்கும் குடும்பத்தாருக்கும், என்னை அழைத்த வாசகர் வட்டத்து நண்பர்களுக்கும் என் நன்றி.

குழந்தை இலக்கியம் என்றவுடன் நம் நினைவுக்கு வரும் பெயர்கள் பல. அழ. வள்ளியப்பா, வாண்டுமாமா, பூவண்ணன், குழந்தைகள் கலைக்களஞ்சியம் தந்த பெ. தூரன் என ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு மாலை முழுக்கப் பேசலாம், பேசவும் வேண்டும். அப்படியிருக்க, இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்டவர் தமிழ் எழுத்தாளர் அல்ல. ஒடியாவிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மனோஜ் தாஸ். இந்தத் தேர்வுக்கான காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பட்டரவாக்கம் ரயில் நிலையத்தில் மாலை ஷிப்ட் விடும் நேரத்தில் நின்று பாருங்கள். 1960-களில் இந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவானபோது நடைமேடையில் தமிழும் தெலுங்கும் கேட்டன. இன்று இந்தியும் வங்காளமும் ஒடியாவும் சேர்ந்து கேட்கின்றன. லேத் பட்டறையிலும் ஃபவுண்டரியிலும் பிரஸ் ஷாப்பிலும் வேலை செய்யும் ஒடிசாக்காரர்களில் பலர் இப்போது தனியாக வருவதில்லை. மேனாம்பேடு, மண்ணூர்பேட்டை, கள்ளிக்குப்பம் என்று ஒற்றை அறை வாடகை வீடுகளில் குடும்பமாக இருக்கிறார்கள். பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படிக்கிறார்கள். வீட்டில் ஒடியா, பள்ளியில் தமிழ், கைபேசியில் இந்தி. இந்தப் பிள்ளைகளின் தாய்மொழியில் ஒரு பெரிய கதைக்காரர் இருந்தார். அவர் வாழ்ந்ததும் நமக்குத் தொலைவில் அல்ல. 1963 முதல் 2021 வரை, ஐம்பத்தெட்டு ஆண்டுகள், பக்கத்திலேயே புதுச்சேரியில் இருந்தார். அவர் எழுத்தின் ஒரு பெரிய பகுதி சென்னை வடபழனியில் அச்சாகிப் பிள்ளைகள் கைக்குப் போனது. நம் பெரும்பாலான வீடுகளில் அவர் பெயர் தெரியாது. தெரியவேண்டும் என்று நினைக்கிறேன்.

மனோஜ் தாஸ் 1934 பிப்ரவரி 27 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் சங்காரி என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தார். பாலசோர் என்ற பெயரை நம்மில் பலர் 2023 ஜூன் 2 இரவுதான் முதன்முதலாகக் கேட்டோம். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பஹானகா பஜார் நிலையத்தில் விபத்துக்குள்ளாகி 290-க்கும் மேற்பட்டோர் இறந்த இரவு அது. இந்த வட்டாரத்துக்கு வேலை தேடி வருபவர்கள் ஏறும் வண்டி அது. ஒரு மாவட்டத்தை விபத்தின் பெயராக மட்டும் நாம் நினைவில் வைத்திருப்பது நியாயமில்லை. ஒடியா உரைநடையின் முன்னோடி ஃபகீர் மோகன் சேனாபதியைத் தந்த மண் அது. மனோஜ் தாஸைத் தந்த மண்ணும் அதுதான்.

ஃபகீர் மோகனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மனோஜ் தாஸுக்குப் போக முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஒடிசாப் பள்ளிகளில் வங்காளப் பாடநூல்களே இருந்தன. நிர்வாகத்திலும் கல்வியிலும் வங்காளிகளின் கை ஓங்கியிருந்தது. 1870-ல் பாலசோர் பள்ளி ஆசிரியர் காந்திசந்திர பட்டாச்சார்யா, ஒடியா தனி மொழியே அல்ல என்று வாதிட்டு ஒரு சிறுநூல் வெளியிட்டார். தனி மொழி இல்லையென்றால் தனிப் பாடநூல் எதற்கு என்பதே அந்த வாதம் போய்ச் சேரும் இடம். சேனாபதி அதை எதிர்த்து நின்றவர்களில் முன்னணியில் இருந்தார். 1868-லேயே பாலசோரில் அச்சுக்கூடம் நிறுவியிருந்தார். பிள்ளைகளுக்கான பாடநூல்களைத் தாமே எழுதினார். ஒரு மொழி பிழைக்குமா என்ற கேள்வி அங்கே பள்ளிப் பிள்ளையின் கையிலிருக்கும் புத்தகத்தை வைத்தே எழுந்தது. 1936 ஏப்ரல் 1 அன்று ஒடிசா தனி மாகாணமானபோது, மொழியின் அடிப்படையில் அமைந்த மாகாணம் என்ற பெருமை அதற்குக் கிடைத்தது. அப்போது மனோஜ் தாஸுக்கு வயது இரண்டு. தன் மொழிக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டுப் போராடிய தலைமுறையின் பேரப்பிள்ளை என்று அவரைச் சொல்லலாம்.

அவருடைய இளமை சுகமானதல்ல. ஊரின் இரு பக்கமும் இயற்கையான ஏரிகள், தாமரைகள், சற்றுத் தள்ளிக் கடல் என்று அழகுக்குக் குறைவில்லை. ஆனால் 1942 அக்டோபரில் வங்கக் கரையைத் தாக்கிய பெரும் புயல் அந்த ஊரையும் விடவில்லை. அடுத்து வந்தது பஞ்சம். அதனோடு சேர்ந்து வந்தது நோய். எட்டு வயதுப் பிள்ளை, நேற்றுவரை விளையாடிய இடங்களில் பசியையும் சாவையும் பார்த்தான். வசதியான அவர்கள் வீட்டில் கொள்ளைக்காரர்கள் புகுந்ததும் அந்த இளம்பருவத்தில்தான். பிற்காலத்தில் 'சைக்ளோன்ஸ்' என்று அவர் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதியபோது (1987) தலைப்பை அவர் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை. இளம்பருவ நினைவுகளை மட்டும் தனி நூலாக எழுதியது 2004-ல். 'சேசிங் தி ரெயின்போ' என்பது அதன் பெயர்.

பதினைந்து வயதுக்குள் எழுத்தாளர் ஆகிவிட்டார். 1949-ல் முதல் கவிதை நூல் 'சதாப்தீர ஆர்த்தநாத' வந்தது. அடுத்து 'திகந்த' என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார். 1951-ல் முதல் சிறுகதைத் தொகுதி. கல்லூரியில் இடதுசாரி மாணவர் தலைவர். போராட்டங்களில் சிறை சென்றவர். 1956-ல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் நடந்த ஆசிய - ஆப்பிரிக்க மாணவர் மாநாட்டுக்குப் போனவர். பஞ்சத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளை மார்க்சியத்துக்குப் போனதில் வியப்பில்லை. கட்டக் நகரில் ஆங்கில விரிவுரையாளராகச் சில ஆண்டுகள் இருந்தார். பிறகு 1963-ல், துணைவியார் பிரதிஜ்ஞா தேவியோடு புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்து, அங்குள்ள கல்வி மையத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கத் தொடங்கினார். துயரத்துக்கு அரசியல் முழு விடையாகவில்லை, அதனால் ஆன்மிகத்தின் பக்கம் வந்தேன் என்ற பொருளில் அவர் பேசியிருக்கிறார். அந்தத் திருப்பத்தை ஏற்பவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஊர் மாறியது, கொள்கை மாறியது, ஆனால் கதைகள் நடக்கும் இடம் மாறவில்லை. கடைசிவரை அவர் கதைகளில் பாதிக்கு மேல் அந்தக் கடலோரக் கிராமத்திலேயே நடக்கின்றன. பெரும்பாலும் ஒரு சிறுவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இனி வடபழனிக்கு வருகிறேன்.

1947 ஜூலையில், நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, பி. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் தொடங்கினார்கள். பிறகு ஒவ்வொரு மொழியாகச் சேர்ந்தது. 1956-ல் ஒடியாவில் 'ஜஹ்னமாமு' வந்தது. ஒரே கதைகள், ஒரே படங்கள். ஒரே அச்சுக்கூடத்திலிருந்து பல மொழிகளில் கிளம்பின. படம் போட்டவர்களில் நம் சங்கரும் ஒருவர். தாராபுரம் அருகே காரத்தொழுவில் பிறந்த கே.சி. சிவசங்கரன், தோளில் வேதாளத்தோடு கையில் வாளோடு நடக்கும் விக்ரமாதித்தனை வரைந்தவர், 2020-ல் மறைந்தார். மறைந்த பிறகு பத்மஸ்ரீ வந்தது. அந்தப் படத்தைத் தெரியாத ஐம்பது வயதுக்காரர் இந்த அரங்கில் இருக்க மாட்டார்.

ஆங்கிலச் சந்தமாமா 1955-ல் தொடங்கி நின்றுபோய், 1970-ல் மறுபடியும் வரத் தொடங்கியது. அந்த ஆங்கில இதழுக்கு நீண்ட காலம் எழுதியவர் மனோஜ் தாஸ். புராணக் கதை, நாட்டார் கதை, வரலாற்றுத் துணுக்கு, தொடர்கதை என்று அவர் எழுதிக் குவித்தவற்றுக்குக் கணக்கு எடுப்பது கடினம். காரணம், சந்தமாமா கதைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கீழே எழுதியவர் பெயர் இருக்காது. இது எனக்கு நெடுநாள் வருத்தம். பிள்ளைக்குக் கதை போதும், பெயர் எதற்கு என்று நினைத்திருக்கலாம். ஆனால் பெயர் போடாததால், குழந்தைகளுக்கு எழுதுவது ஓர் எழுத்தாளரின் முழுநேர உழைப்புக்கு உரிய வேலை என்ற எண்ணமே நம் நாட்டில் வளராமல் போயிற்று. பெரியவர்களுக்கு எழுதும் கதைக்குப் பெயர் உண்டு, விருது உண்டு. பிள்ளைகளுக்கு எழுதும் கதை அம்மா சமைத்த சோறுபோல யாருடையதும் அல்லாமல் போகிறது. தாசரி சுப்ரமணியம், கொடவட்டிகண்டி குடும்பராவ் போன்ற தெலுங்கு எழுத்தாளர்களுக்கும் அந்த இதழில் இதுவே நேர்ந்தது. அவர்கள் உழைப்பை இப்போதுதான் ஆய்வாளர்களும் ஆர்வலர்களும் பழைய இதழ்களைப் புரட்டித் தேடுகிறார்கள்.

சாகித்திய அகாதெமி மனோஜ் தாஸின் ஒடியாக் கதைகளுக்கு 1972-ல் விருது தந்தது. 2000-க்கான சரஸ்வதி சம்மான், 2001-ல் பத்மஸ்ரீ, 2006-ல் அகாதெமியின் மிக உயர்ந்த மதிப்பான ஃபெலோஷிப், 2020-ல் பத்மபூஷண். இத்தனை மதிப்புகளைப் பெற்ற ஒருவர் அவற்றுக்கு நடுவிலும் பத்து வயதுப் பிள்ளைக்கு எழுதுவதை விடவில்லை என்பதைக் கவனியுங்கள். குழந்தை இலக்கியம் அவருக்கு ஏறிப்போன ஏணியின் கீழ்ப்படி அல்ல. நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புத்தகாலய வரிசைக்கும் எழுதினார். சந்தமாமா நிறுவனம் 1985-ல் பெரியவர்களுக்காக 'தி ஹெரிடேஜ்' என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கியபோது, 1989 வரை அதற்கு ஆசிரியராகவும் இருந்தார்.

அவர் கதைகளைப் பிள்ளைகளுக்கு, பெரியவர்களுக்கு என்று பிரிப்பதே சிரமம். 'தி மிஸ்டரி ஆஃப் தி மிஸ்ஸிங் கேப்' என்ற கதையை எடுத்துக்கொள்வோம். விடுதலைக்குப் பின் வந்த முதல் ஆண்டுகள். ஊர்ப் பெரியதனக்காரர் மகரணா, மந்திரி ஒருவரைத் தம் வீட்டுக்கு விருந்துக்கு வரவழைக்கிறார். மந்திரிக்கு மீன்வளமும் நுண்கலைகளும் சேர்ந்த துறை. தடபுடலான ஏற்பாடு. சாப்பிட்டுவிட்டு மந்திரி கண்ணயர்கிறார். கழற்றி வைத்த வெள்ளைத் தொப்பி காணாமல் போகிறது. எடுத்தது ஜண்டூ என்ற குரங்கு. அதைப் பார்த்தவன் கதை சொல்லும் சிறுவன் ஒருவனே. மகரணாவுக்கு உண்மை தெரியாது. அவமானத்திலிருந்து தப்ப ஒரு பொய் சொல்கிறார்: மந்திரி மேல் அளவிலாப் பக்தி கொண்ட பெரிய மனிதர் ஒருவர் நினைவுச் சின்னமாக வைத்துக்கொள்ள எடுத்துப் போய்விட்டார். மந்திரி குளிர்ந்துபோகிறார். போகும் இடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். பொய் வளர்ந்து வரலாறாகும் நிலையில், எல்லோரும் பார்த்திருக்க, கசக்கிக் கடித்த தொப்பியோடு ஜண்டூ வந்து நிற்கிறது.

பத்து வயதுப் பிள்ளை இதைப் படித்தால் குரங்கைப் பார்த்துச் சிரிக்கும். பெரியவருக்குத் தெரிவது ஒரு புதிய நாட்டில் அதிகாரமும் முகத்துதியும் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்ட இடம். இரண்டு வாசிப்பும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை. இன்னொன்றும் உண்டு. அந்தச் சிறுவன் மந்திரியை வெறுக்கவில்லை. மகரணாவைக் கேலி செய்யவில்லை. இருவரும் சங்கடப்படும்போது அவனுக்கும் மனம் சங்கடப்படுகிறது. நையாண்டி எழுதுகிறவர்கள் பலருக்கு எளிதில் கைகூடாத கருணை இது. அதற்குக் காரணம் பார்க்கிறவன் பிள்ளையாக இருப்பதுதான் என்று நான் நம்புகிறேன்.

'ஃபேர்வெல் டு எ கோஸ்ட்' இன்னும் அருமையானது. ஊருக்கு வெளியே பாழடைந்த மாளிகை. அதில் ஓர் இளம்பெண்ணின் ஆவி இருப்பதாக நம்பிக்கை. நம் ஊராக இருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று பிள்ளைகளை மிரட்டுவோம். அந்த ஊர்க்காரர்கள் பேயைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே பாவிக்கிறார்கள். பாவம், சின்னப் பெண், தனியாக இருக்கிறாள் என்று அவளுக்காக இரங்குகிறார்கள். மாளிகை நிலைக்காது என்றானபோது அவள் எங்கே போவாள் என்று கவலைப்படுகிறார்கள். வீடிழந்த ஓர் உயிரைப் பற்றிய கவலை அது. பயமுறுத்தாத பேய்க்கதைகளைப் பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் உண்டு. பேய்க்காகக் கண்கலங்க வைத்தவர் எனக்குத் தெரிந்து இவர்தான்.

'தி கிரோகடைல்ஸ் லேடி' கதையில் மேலை நாட்டு அறிஞர் டாக்டர் பேட்ஸ்டோன் கிராமம் பார்க்க வருகிறார். அங்கே ஒரு மூதாட்டி. சிறு வயதில் அவளை ஆற்றில் முதலை இழுத்துப்போயிற்று. செத்தாள் என்று ஊர் முடிவுகட்டியது. ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தாள். முதலைக்கு மனைவியாக வாழ்ந்திருந்தாள். இதைச் சொல்கிறவர்கள் நம்பியே சொல்கிறார்கள். அறிஞர் சிரிக்கப் போகிறாரா, குறிப்பேட்டில் மூடநம்பிக்கை என்று எழுதப் போகிறாரா? ஆசிரியர் இரண்டுக்கும் இடம் தரவில்லை. வந்தவரே அந்தக் கதைக்குள் இழுக்கப்படுகிறார்.

இந்தக் கதையில்தான் அவருடைய இருமொழி வாழ்வின் சாவி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒடியாவில் பேர் பெற்ற பிறகே அவர் ஆங்கிலத்தில் புத்தகம் கொண்டுவந்தார். 'எ சாங் ஃபார் சண்டே' 1967-ல் வந்தது. ஆங்கிலத்தில் எழுதும் இந்தியர்கள் பலர் காட்டும் இந்தியாவில் தம் கிராமத்தைக் காணவில்லை என்ற மனக்குறையே தம்மை அந்த மொழிக்குத் தள்ளியது என்று அவர் சொல்லியிருக்கிறார். டாக்டர் பேட்ஸ்டோனுக்கு அந்த ஊரைக் கூட்டிச் சென்று காட்டும் ஆள் ஒருவர் வேண்டும்; ஊரைச் சிறுமைப்படுத்தாமல், விருந்தினரையும் இழிவுபடுத்தாமல். ஆங்கிலத்தில் மனோஜ் தாஸ் செய்தது அந்த வேலை. ஒடியாவில் அதற்குத் தேவையில்லை. கேட்கிறவருக்கு முதலையும் தெரியும், ஆறும் தெரியும்.

ஆகவே அவர் தம் கதையைத் தாமே மொழிபெயர்த்தார் என்று சொல்வது சரியாகாது. ஒரே கதையை இன்னொரு மொழியில் மறுபடி எழுதினார். சில கதைகள் முதலில் ஆங்கிலத்தில் பிறந்து பிறகு ஒடியாவுக்குப் போயின. இன்னும் சில போன பாதை அதற்கு நேர்மாறானது. கேட்கிறவர் மாறும்போது கதையில் சொல்ல வேண்டியதும் விட வேண்டியதும் மாறுகின்றன. பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. பேரனுக்கு ஒரு மாதிரி, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு மாதிரி.

இதை நான் நேரில் பார்த்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இங்குள்ள ஒரு நூலகத்தின் சிறுவர் பிரிவில், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒடிசாச் சிறுமி ஒருத்தி, பள்ளிக்கு இன்னும் போகாத தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் காக்கா வடை சுட்ட கதை, தமிழ்ப் படப் புத்தகம். கண் தமிழ் வரிகளில் ஓடுகிறது. வாய் ஒடியாவில் சொல்கிறது. தம்பி ஆவலாகக் கேட்கிறான். படத்தில் வடை இருந்த இடத்தைத் தொட்டு அவள் 'பிட்டா' என்றாள். அது அவர்கள் ஊர்ப் பண்டிகைப் பலகாரம். ஏன் மாற்றினாய் என்று கேட்டேன். "வடைன்னா இவன் கேக்க மாட்டான் சார். பிட்டான்னாதான் நரி வரும்போது அழுவான்" என்றாள். சுத்தமான அம்பத்தூர்த் தமிழ். நரி வந்தது, தம்பி அழவும் செய்தான். அவள் சற்றும் கலங்காமல், நரிக்குப் பிட்டா கிடைக்காதபடி முடிவை மாற்றிவிட்டாள்.

அந்தச் சிறுமி செய்ததை இலக்கியம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அவளுக்கு ஒடியா எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. படிக்கத் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் உண்டு. அம்மாவின் மொழி காதில் மட்டும் இருக்கிறது. இன்னும் பத்தாண்டு போனால் தம்பிக்குக் கதை சொல்ல வேண்டிய தேவையும் இருக்காது. அதன்பின் அந்த மொழி அவளிடம் எவ்வளவு தங்கும்?

உலகில் வேறு பல இடங்களிலும் இதே நிலை உண்டு. நெதர்லாந்தின் வடக்கே ஃபிரீஸ்லாந்து என்ற மாகாணம் இருக்கிறது. அங்கே ஃபிரீசிய மொழி வீட்டில். பள்ளியிலும் அலுவலகத்திலும் பெரும்பாலும் டச்சு. 1860-ல் நெஸ் என்ற சிற்றூரில் பிறந்த ஷௌக்யே போக்மா தெ பூர் என்ற பெண்மணி நீன்கெ ஃபன் ஹிக்தும் என்ற புனைபெயரில் இரண்டு மொழிகளிலும் பிள்ளைகளுக்கு எழுதினார். முதலில் ஃபிரீசியக் கதைகள். பிறகு 1903-ல் டச்சு மொழியில் 'ஆஃப்கெஸ் டீன்டல்' என்ற நூல். ஏழைக் கூலிக் குடும்பம் ஒன்றின் பத்துப் பிள்ளைகளைப் பற்றிய அந்த நூல் நாடெங்கும் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. சிறிய மொழிக்காரர்களின் வாழ்க்கையைப் பெரிய மொழிப் பிள்ளைகள் படித்து நேசித்தார்கள். இன்று அந்நாட்டில் அவர் பெயரில் குழந்தை நூல்களுக்கு ஒரு பரிசு வழங்கப்படுகிறது. கடலுக்கு அப்பால், வேறு காலத்தில், மனோஜ் தாஸ் செய்த அதே பணி. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஒடியா சிறிய மொழி அல்ல, கோடிக்கணக்கானோர் பேசுவது, 2014-ல் செம்மொழித் தகுதி பெற்றது. அம்பத்தூருக்கு வரும்போதுதான் அது சிறிய மொழியாகிவிடுகிறது. மொழியின் அளவு என்பது அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. தமிழும் அப்படித்தான். பம்பாய்த் தாராவியில், பெங்களூரு குடியிருப்புகளில், மலேசியத் தோட்டப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் என்ன பட்டார்கள் என்பதை நாம் அறிவோம்.

வந்த இடத்திலும் ஒடியாப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியைத் தர முடியும்; திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் அதற்கு ஒரு முன்மாதிரி ஏற்கெனவே நடந்திருக்கிறது. மேற்கு ஒடிசாவிலிருந்து சீசனுக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டில் பாதி நாள் பள்ளி இல்லாமல் போவதைக் கண்டு, இரு மாநில அரசுகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து, சூளைப் பக்கத்திலேயே ஒடியா வழி வகுப்புகள் நடத்தின. பாடநூல்களும் ஆசிரியர்களும் ஒடிசாவிலிருந்து வந்தார்கள். பூவிருந்தவல்லிக்கு அப்பால், மண் குவியல்களுக்கு நடுவே, தகரக் கூரையின் கீழ் பிள்ளைகள் ஒடியா அரிச்சுவடி சொன்னார்கள். நல்ல காரியம், பாராட்ட வேண்டும். ஆனால் அது பாடநூல். மனோஜ் தாஸ் எழுதியது போன்ற கதைப் புத்தகம் தகரக் கூரைக்குக் கீழே வரவில்லை. தொழிற்பேட்டைப் பிள்ளைகளுக்கோ இரண்டுமே வரவில்லை. நம் நூலக அலமாரிகளில் தமிழும் ஆங்கிலமும் உண்டு. சில இடங்களில் தெலுங்கு, உருது, இந்தி. ஒடியாப் பிரிவு எங்கும் என் கண்ணில் படவில்லை.

தமிழ்ப் பிள்ளைகள் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒடிசாப் பையனைப் பற்றி நம் பிள்ளைக்கு என்ன தெரியும்? 'வடநாட்டுப் பசங்க' என்ற ஒரே சொல்லில் பாலசோரும் பாட்னாவும் ஒன்றாகிவிடுகின்றன. மகரணா வீட்டுக் குரங்கின் கதையை இருவரும் தமிழில் படித்திருந்தால், அவன் ஊர் இவனுக்குத் தெரிந்த ஊராகிவிடும். அண்ணன் தம்பி சண்டையெல்லாம் அதன்பிறகும் வரும், அது வேறு. ஆனால் மனோஜ் தாஸின் சிறந்த கதைகளைத் தேர்ந்தெடுத்து, சிறுவர் படிக்கும் எளிய தமிழில், படங்களோடு, ஆசிரியர் பெயரைப் பெரிய எழுத்தில் அட்டையில் போட்டுத் தர வேண்டிய கடன் நமக்கு இருக்கிறது. பெயர் இல்லாமல் நமக்குக் கதை தந்தவருக்குப் பெயரோடு திருப்பித் தருவது முறை.

அவர் 2021 ஏப்ரல் 27 அன்று புதுச்சேரியில், எண்பத்தேழாம் வயதில் காலமானார். கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த வாரங்கள் அவை. தினமும் எத்தனையோ மரணச் செய்திகள். நம் இதழ்களில் அவருக்கு நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டிய அஞ்சலிகள் வரவில்லை. இந்தச் சொற்பொழிவை அந்தக் கடமையின் ஒரு சிறு பகுதியாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் மூன்று விண்ணப்பங்கள் வைக்கிறேன். இந்த ஆண்டு வட்டியில் ஒரு பகுதியை ஒடியாச் சிறுவர் நூல்கள் வாங்கச் செலவிடலாம். புவனேஸ்வரத்திலும் கட்டக்கிலும் பதிப்பாளர்கள் இருக்கிறார்கள், கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஒரு பெட்டி புத்தகம் வந்து சேர்வது பெரிய காரியமல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம், தொழிற்பேட்டையில் வேலை செய்யும் படித்த ஒடியா இளைஞர் யாரேனும் பிள்ளைகளுக்கு அந்த எழுத்துகளைச் சொல்லித்தர இடம் தரலாம், ஐ.டி.ஐ. முடித்த இளைஞர்கள் அந்த வாடகை வீடுகளிலேயே பலர் உண்டு, கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். மூன்றாவது, அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேச ஒடியாக் குழந்தை எழுத்தாளர் ஒருவரை அழைக்க வேண்டும். அவர் தம் மொழியிலேயே பேசட்டும். முன்வரிசை நாற்காலிகளைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுவோம். தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை, அந்தப் பிள்ளைகளில் ஒருவரையே கேட்கலாம்.